கத்தி இல்லாத சுவிஸ் கத்தி: ஓர் ஆசிரியையின் சாவிக்கொத்துக்கு ஒரு கருவி

சாவிக்கொத்தில் மாட்டும் மல்டி டூல் (பல கருவிகள் ஒன்றாக மடங்கிய சாமான்) என்று தேடினால் வருவது பெரும்பாலும் கத்தியை நடுவில் வைத்து, மற்றதைச் சுற்றிலும் அடுக்கியதாகத்தான் இருக்கும். கத்தியே வேண்டாம் என்று சொன்ன ஒருவருக்காக அப்படி ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்துத் திருத்திக் கொடுத்ததைப் பற்றியது இந்த ஆய்வு. வேலையை முழுக்க எழுதி வைக்கிறேன். இதே தேவை உள்ளவர்கள், முக்கியமாகப் பள்ளிகளில் வேலை செய்பவர்கள், நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது இதைச் செய்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கேட்டவர் என் அக்கா. திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பாடத்தோடு ஹைடெக் லேப் பொறுப்பும் அவர் தலையில்தான். "கத்தரி ஒரு பக்கம், திருப்புளி ஒரு பக்கம்னு பைக்குள்ள தேடித் தேடியே பீரியட் போயிடுது தம்பி. சாவியோட மாட்டுற மாதிரி ஒண்ணு பாரு. ஆனா கத்தி வேண்டாம்" என்றார். நான் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்து வேலை கற்றவன். சின்ன இரும்புச் சாமானைத் தேய்த்து வழிக்குக் கொண்டுவருவது எனக்குப் பழக்கம். அதனால் வாங்குவதோடு நிறுத்தாமல், தேவைப்பட்டால் மாற்றியும் தருவது என்று முதலிலேயே முடிவு செய்தேன்.

எது எதற்குக் கை நீள்கிறது

எந்தக் கருவி நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால் அக்காவிடம் ஒன்று கேட்டேன். பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், கையில் ஒரு சாமான் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றும்போதெல்லாம் ஒரு வரி எழுதி வைக்கச் சொன்னேன். சாமானின் பெயரை எழுத வேண்டாம், செய்ய வேண்டிய வேலையை மட்டும் எழுதினால் போதும் என்றேன். இந்த வித்தியாசம் முக்கியம். "கத்தி தேவைப்பட்டது" என்று எழுதினால் கத்தி வாங்குவோம். "அட்டைப்பெட்டி டேப்பைக் கிழிக்க வேண்டியிருந்தது" என்று எழுதினால், அதற்குக் கத்தி அவசியமா என்று யோசிப்போம்.

பட்டியல் இப்படி வந்தது. விலையில்லாப் பாடப்புத்தகக் கட்டுகளின் பிளாஸ்டிக் பட்டையை வெட்டுவது. சார்ட் தொங்கவிட நூல், சணல் நறுக்குவது. லேப் சாமான் வந்த பெட்டியின் பிரவுன் டேப்பைப் பிரிப்பது. ப்ரொஜெக்டரின் விஜிஏ கேபிளில் பக்கவாட்டு ஸ்க்ரூ இறுகிப்போனால் தளர்த்துவது. த்ரீ பின் பிளக்கின் மூடி ஸ்க்ரூவை முடுக்குவது. கம்ப்யூட்டர் பெட்டியின் ஸ்டார் ஸ்க்ரூ. இன்டர்நெட் ரவுட்டரின் ரீசெட் பொத்தானை அமுக்குவது. பிள்ளைகள் ஓட்டிவரும் சைக்கிளில் ஆடும் மணி. அப்புறம், சீமைக் கருவேல முள். விளையாட்டுப் பீரியட் முடிந்து ஏதாவது ஒரு பிள்ளை நொண்டிக்கொண்டு வந்து நிற்கும், முள் எடுக்க வேண்டும்.

இதில் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. முதலாவது, கத்தரி வேலைதான் அதிகம், அதற்கடுத்துத் தட்டைத் திருப்புளி. இரண்டாவது, பிடிகுறடு என்ற பேச்சே ஒரு வரியில்கூட இல்லை. பாட்டில் மூடி திறப்பானும் இல்லை. பழம் நறுக்கக் கத்தி வேண்டுமென்றால் ஆசிரியர் அறையில் ஒன்று கிடக்கிறது, அதைச் சாவிக்கொத்தில் கொண்டு திரிய வேண்டியதில்லை.

ஏற்கெனவே உடம்பில் இருக்கும் கருவிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் பலர் தாலிச் சங்கிலியிலோ வளையலிலோ இரண்டு மூன்று ஊக்கு மாட்டியிருப்பார்கள். அக்காவும் அப்படித்தான். முள்ளின் தலையைக் கிளப்புவதற்கு ஊக்கின் முனையை விட நல்ல சாமான் எந்த மல்டி டூலிலும் கிடையாது. ஆகவே ஊசி முனை கேட்க வேண்டியதில்லை, கிளப்பிய முள்ளைப் பிடித்து இழுக்கும் சிமிட்டா இருந்தால் போதும்.

அன்றாடம் உடன் கொண்டு செல்லும் கருவிகள் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஜீன்ஸ் பாக்கெட்டை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். சேலைக்குப் பாக்கெட் இல்லை. கைப்பை மேசையில் இருக்கும், ஆள் வகுப்பில் இருப்பார். எப்போதும் கையோடு போவது சாவிக்கொத்து ஒன்றுதான். அதிலும் லேப் பூட்டுச் சாவி, பீரோ சாவி, ஸ்கூட்டி சாவி, வீட்டுச் சாவி என்று ஏற்கெனவே கனம். லேப்பில் தொங்குவது திண்டுக்கல் பூட்டுதான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே பூட்டு. அதன் சாவி மட்டுமே விரல் கனம் இருக்கும். இதன்மேல் இன்னொரு 60 கிராமைத் தொங்கவிட்டால் ஸ்கூட்டி ஓடும்போது கொத்து ஆடி முன்பக்கத்தைக் கீறும், சாவித்துளைக்கும் நல்லதில்லை. எடை 30 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று அங்கேயே ஒரு கோடு போட்டேன்.

கத்தி ஏன் கூடாது

சட்டத்துக்காக இல்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் கவலைப்படுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியைப் பற்றி. அதிலும் வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கு என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. விரல் நீள மடக்குக்கத்தி அந்தக் கணக்கிலேயே வராது.

பிரச்சினை வேறு. ஆசிரியையின் சாவிக்கொத்து மேசைமேல் கிடக்கும். "அந்தச் சாவியை எடுத்துட்டுப் போய் லேப்பைத் திறந்து வை" என்று பிள்ளைகளிடமே கொடுத்தனுப்புவார்கள். மடக்குச் சாமானைக் கண்டால் பிரித்துப் பார்க்காத பிள்ளை உண்டா? விரலில் ஒரு வெட்டு பட்டால்கூட அது அக்காவின் பொறுப்பு. அதைவிட, பள்ளிக்கூடத்துக்குள் கத்தி கொண்டுவரக் கூடாது என்று மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லும் ஒருவர், தானே ஒரு கத்தியைத் தொங்கவிட்டுக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. அக்கா இதில் உறுதியாக இருந்தார். எனக்கும் அது முழுக்கச் சரி என்றே பட்டது.

பார்த்தவையும் தள்ளியவையும்

சிறிய மல்டி டூல்களில் பெயர் பெற்றவை இரண்டு குடும்பம். ஒன்று அமெரிக்காவின் லெதர்மேன், மற்றது ஸ்விட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். இரண்டும் பிறந்த காரணம் அவற்றின் உடம்பிலேயே இருக்கிறது. டிம் லெதர்மேன் 1975-இல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி படுத்துக்கொள்ள, கையிலிருந்த மடக்குக்கத்தியில் பிடிகுறடு இல்லையே என்று தவித்ததில்தான் யோசனை பிறந்தது. 1983-இல் முதல் கருவி விற்பனைக்கு வந்தது. ஆகவே அந்த வரிசையில் பெரும்பாலான கருவிகள் குறட்டைச் சுற்றியே கட்டப்பட்டவை. சாவிக்கொத்து அளவில் வந்த ஸ்க்விர்ட் பி.எஸ்.4 அருமையான வேலைப்பாடு, ஆனால் சுமார் 56 கிராம். அதன் உற்பத்தியும் நின்றுவிட்டது. கத்தியில்லாமல் வந்த ஸ்டைல் பி.எஸ். என்ற மாடலிலும் நடுவில் குறடுதான். கெர்பர் என்ற வேறொரு நிறுவனத்தின் டைம் 60 கிராமைத் தாண்டும், அதிலும் நடுநாயகம் குறடுதான். அக்காவுக்குத் தேவையே இல்லாத ஒன்றுக்காகப் பாதி எடையைச் சுமப்பது நியாயமில்லை.

லெதர்மேனிலேயே மைக்ரா மட்டும் வேறு சாதி. அதில் குறடு கிடையாது, கத்தரிதான் உயிர். நல்ல வலுவான, வில்லோடு (ஸ்பிரிங்) கூடிய கத்தரி. தையல் வேலை செய்பவருக்கோ, நாள் முழுக்க மருந்து அட்டையும் பேண்டேஜும் வெட்டும் செவிலியருக்கோ நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன். ஆனால் 50 கிராம். கத்தரியைத் திறக்க இரண்டு கைப்பிடியையும் விரித்துத் திருப்ப வேண்டும், சாவிகளோடு தொங்கும்போது அது இடைஞ்சல். கத்தியும் இருக்கிறது.

விக்டோரினாக்ஸின் கதை இன்னும் பழையது. கார்ல் எல்செனர் 1884-இல் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கினார். 1897-இல் ராணுவ அதிகாரிகளுக்கான மடக்குக்கத்தியைச் சட்டப்படி பதிந்தார். தாயார் விக்டோரியா 1909-இல் இறந்தபின் அவர் பெயரைத் தொழிலுக்கு வைத்தார். துருப்பிடிக்காத எஃகு வந்தபின் 1921-இல் அதோடு "இனாக்ஸ்" சேர்ந்தது. கத்தியில் தொடங்கிய குடும்பம் என்பதால் கத்தி இல்லாத மாடல் அங்கே அபூர்வம். ஆனால் அவர்களுடைய 58 மி.மீ. நீள வரிசையில் எடை பிரச்சினையே இல்லை. கிளாசிக் எஸ்டி சுமார் 21 கிராம், தடிமன் 9 மி.மீ. கத்தரி, நக அரம், அரத்தின் நுனியில் 2.5 மி.மீ. தட்டைத் திருப்புளி, சிமிட்டா, பல்குச்சி, ஒரு சின்னக் கத்தி. அந்த 2.5 மி.மீ. நுனியைச் சாய்வாக வைத்தால் சிறிய ஸ்டார் ஸ்க்ரூக்களும் திரும்பும். தனியாக ஸ்டார் முனையும் பாட்டில் திறப்பானும் சேர்ந்த ராம்ப்ளர் சுமார் 30 கிராம், இன்னும் தடிமன்.

அதே வரிசையில் ஜெட்செட்டர் என்று கத்தியே இல்லாத மாடல் ஒன்று உண்டு. விமானத்தில் கைப்பையில் கத்தி கொண்டுபோக முடியாது என்றான காலத்துக்காக வந்தது. கத்தரி, காந்தம் ஏற்றிய ஸ்டார் முனை, சிமிட்டா எல்லாம் சரிதான். ஆனால் அக்காவின் பட்டியலில் இரண்டாவது இடத்தில் இருந்த தட்டைத் திருப்புளிக்கு அதில் சரியான முனை இல்லை. டேப் கிழிக்கவும் ஒன்றுமில்லை. கத்தியை எடுத்த இடத்தில் வேறெதுவும் வைக்காத கருவி அது.

அதனால் யோசனை திரும்பியது. கத்தியை எடுக்க வேண்டாம். கத்தியையே திருப்புளியாக மாற்றினால்?

கிளாசிக் எஸ்டி ஒன்று வாங்கினேன். தெருவோரத்தில் சிவப்பு நிறத்தில் சிலுவை போட்டு மலிவாக விற்பவை எல்லாம் விக்டோரினாக்ஸ் அல்ல. கத்தியின் அடிப்பகுதியில் நிறுவனத்தின் பெயர் தெளிவாக அச்சாகியிருக்கிறதா, கத்தரி இடைவெளியில்லாமல் வாய் மூடுகிறதா என்று பார்த்து, ரசீதோடு வாங்குவது நல்லது. அரம் வைத்துத் தேய்த்தபின் நிறுவனத்தின் உத்தரவாதம் பேசாது என்பதும் தெரிந்தே செய்ய வேண்டிய காரியம்.

தேய்க்கும் முன் எஃகைப் படிப்பது

விக்டோரினாக்ஸ் ஒவ்வொரு பாகத்துக்கும் வெவ்வேறு கடினம் வைக்கிறது. எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் கத்தி சுமார் 56, கத்தரியும் நக அரமும் 53, திருப்புளிகள் 52, உள்ளே இருக்கும் வில் 49. இந்த நான்கு எண்ணுக்குள்தான் இந்த வேலையின் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. கத்திக்குக் கூர் நிற்க வேண்டும், அதனால் கடினம் அதிகம். திருப்புளி முறுக்கைத் தாங்க வேண்டும், அதனால் கொஞ்சம் இளக்கம். வில் வளைந்து திரும்ப வேண்டும், அதனால் இன்னும் இளக்கம்.

அப்படியானால் கத்தியைத் திருப்புளியாக்கும்போது, திருப்புளிக்கு வேண்டியதைவிடக் கடினமான, அதனால் எளிதில் பல் உதிரக்கூடிய எஃகு கிடைக்கிறது. பட்டறையில் தனியாக ஒரு கத்தி என்றால் நெருப்பில் காட்டிப் பதத்தைக் கொஞ்சம் இறக்கிவிடலாம். இதில் முடியாது. பக்கத்திலேயே பிளாஸ்டிக் பிடி, அடியில் வில். சூடு அங்கே போனால் பிடி உருகும், வில்லின் பதமும் கெடும். ஆகவே பதத்தைத் தொடக்கூடாது, உருவத்தால்தான் ஈடுகட்ட வேண்டும். முனை மெலிந்திருக்கக் கூடாது, நீளம் குறைய வேண்டும், நெம்பும் வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

இன்னொரு சிக்கல், கத்தியின் குறுக்குவெட்டு. கத்தி முதுகில் தடித்து, வாய்ப்பக்கம் மெலிந்து போகும். நுனியைச் சதுரமாக வெட்டிவிட்டால் திருப்புளி ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஸ்க்ரூவின் கோட்டுக்குள் முதுகுப்பக்கம் இறுக்கமாக உட்காரும், வாய்ப்பக்கம் தொளதொளவென்று நிற்கும். முறுக்கும்போது பாரம் முழுக்க ஒரு மூலையில் விழும், அந்த மூலை உடையும் அல்லது ஸ்க்ரூவின் கோடு சிதையும். எனவே வாய்ப்பக்கத்தை நீளவாக்கில் நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டு, முதுகை ஒட்டிய தடித்த பட்டையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. கூர் எங்கே இருந்ததோ அந்தப் பகுதியே போய்விடுகிறது. கத்தியை நீக்குவதும் திருப்புளி செய்வதும் ஒரே வேலையாகிவிடுகிறது.

வேலை

முதல் காரியமாகக் கத்தியின் வாயை ஒரு கல்லில் செங்குத்தாக இழுத்து மழுங்கடித்தேன். வேலை முடியும்வரை விரலுக்குப் பாதுகாப்பு. பிறகு மற்ற பாகங்களை மடக்கி, பிடியையும் மூட்டையும் மாஸ்கிங் டேப்பால் இறுக்கச் சுற்றினேன். தேய்த்த இரும்புத் தூள் மூட்டுக்குள் போனால் எடுப்பது கஷ்டம்.

மார்க்கரால் கோடு போடும்போது இரண்டு இடங்களைத் தொடக்கூடாது என்று குறித்துக்கொண்டேன். ஒன்று, நகம் வைத்துத் திறக்கும் பள்ளம். நுனியை அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் திறக்கப் பிடி இருக்காது. இரண்டாவது, கத்தியின் அடியில் கூர் தொடங்குவதற்கு முன்னால் உள்ள சிறு மேடு. மடக்கும்போது அந்த மேடுதான் உள்ளே வில்லின்மேல் உட்கார்ந்து, கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று நிறுத்துகிறது. அதைத் தேய்த்துவிட்டால் கத்தி உள்ளே அமிழ்ந்து, நகப்பள்ளம் கைக்கு எட்டாமல் போய்விடும்.

அதிகப்படியானதைச் சாணைச் சக்கரத்தில் எடுத்தேன். கண்ணாடி கட்டாயம், கையுறை கூடாது. கையுறைத் துணியைச் சக்கரம் பிடித்து இழுத்தால் விரலும் கூடவே போகும். வெறுங்கையில் பிடிப்பதில் இன்னொரு நன்மை, சூடு உடனே தெரியும். இவ்வளவு மெல்லிய எஃகு கண் மூடித் திறப்பதற்குள் சூடேறிவிடும். ஒரு தொடல், தண்ணீரில் முக்கல், மறுபடி ஒரு தொடல். விரலுக்குச் சுடுகிறது என்றாலே நிறுத்தி முக்க வேண்டும். நிறம் மாறும்வரை காத்திருந்தால் அந்த இடத்தின் பதம் போயிருக்கும். வாய்ப்பக்கத்திலிருந்து அழுத்தும்போது கத்தி திறக்கும் திசையிலேயே தள்ளப்படுவதால் மடங்கி விரலைக் கடிக்கும் பயமில்லை. முதுகுப்பக்கத்தைச் சக்கரத்தில் வைக்கவே கூடாது.

சக்கரத்தில் கோட்டுக்குச் சற்று முன்பே நிறுத்திக்கொண்டு, மீதியை வைரத்தூள் ஒட்டிய தகட்டில் தண்ணீர் விட்டுக் கையால் தேய்த்தேன். சாதாரண அரம் இந்தக் கடினத்தில் வழுக்கும், அரத்தின் பல்தான் போகும். இந்தப் பகுதிக்கு அவசரமே கூடாது. கடைசியில் நின்றது சுமார் 4 மி.மீ. அகலப் பட்டை. நுனி சதுரம். நுனியின் இரண்டு முகத்தையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி சமன் செய்தேன். ஆப்பு மாதிரி சரிந்திருந்தால் முறுக்கும்போது ஸ்க்ரூவின் கோட்டிலிருந்து மேலே ஏறி வழுக்கும். இணையாக இருந்தால் உள்ளேயே நிற்கும்.

பக்கவாட்டு விளிம்புகளை நுண்ணிய கல்லில் உருட்டி மழுக்கினேன். நுனியின் இரண்டு மூலைகளை மட்டும் அப்படியே விட்டேன். அந்தச் செங்கோண மூலைதான் பிரவுன் டேப்பைக் கிழிக்கும் சாமான். பெட்டியின் இரண்டு மடிப்பும் சேரும் கோட்டில் வைத்து இழுத்தால் டேப் பிளந்துகொண்டே போகிறது. உள்ளே இருக்கும் பொருளில் கீறல் விழும் பயமும் குறைவு. விரலை அதன்மேல் எப்படி ஓட்டினாலும் வெட்டுவதில்லை.

அடுத்தது பல்குச்சி. சாவிகளோடு உரசிக்கொண்டே இருக்கும் ஒன்றைப் பல்லில் வைப்பதை நான் விரும்பவில்லை, அக்காவும் விரும்பவில்லை. அதன் பிளாஸ்டிக் தலையை மட்டும் வைத்துக்கொண்டு, குச்சிக்குப் பதிலாக 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பித் துண்டு ஒன்றை அரால்டைட் போட்டு ஒட்டினேன். போன் சிம் தட்டைத் தள்ளவும் ரீசெட் பொத்தானை அமுக்கவும் அது. நேர்க்கம்பியாக வைத்தால் பள்ளத்துக்குள் ஆடி, எங்கேயாவது விழுந்துவிடும். நடுவில் மிக இலேசாக ஒரு வளைவு கொடுத்தேன், அந்த வளைவு பள்ளத்தின் சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. நுனியை உருண்டையாகத் தேய்த்தாயிற்று.

கடைசியாக வளையம். கருவியோடு வரும் சின்ன இரும்பு வளையம் கத்தரியைப் பிடிக்கும்போது விரலில் இடிக்கும். அதை எடுத்துவிட்டு மெல்லிய நைலான் கயிற்றில் ஒரு கண்ணி போட்டு, சாவிக்கொத்தோடு ஒரு சின்னக் கொக்கியால் இணைத்தேன். ஸ்கூட்டியில் சாவி மாட்டியிருக்கும்போதும் கருவியை மட்டும் கழற்றிக்கொள்ளலாம். இது பணச்செலவே இல்லாத மாற்றம், ஆனால் அக்கா மிகவும் மெச்சியது இதைத்தான்.

டேப்பைப் பிரித்தபின் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, எல்லாப் பாகங்களையும் திரும்பத் திரும்பத் திறந்து மூடித் தூளை வெளியேற்றினேன். நன்றாகக் காயவிட்டு மூட்டுகளில் ஒவ்வொரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம். வீட்டில் கைக்கு எட்டுவது அதுதான் என்றாலும், நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து மூட்டை இறுக்கிவிடும்.

செய்யாமல் விட்டவையும் உண்டு. பிடியைக் கழற்றி அலுமினியப் பிடி போடலாம், மரப்பிடி செதுக்கலாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சிமிட்டாவும் கம்பியும் குடியிருப்பது அந்த பிளாஸ்டிக் பிடியின் பள்ளத்தில்தான். ரிவெட்டைத் துளைத்துப் பிரித்து வேறு பாகங்கள் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அக்காவின் பட்டியலில் அதற்கான தேவை எதுவும் இல்லை. மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூவுக்கு நக அரத்தின் நுனியை மெலிதாக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் பெட்டியின் ஸ்டார் ஸ்க்ரூவுக்கு உதவும் நுனி போய்விடும் என்பதால் விட்டுவிட்டேன்.

பயன்பாட்டில்

கொடுக்கும்போது இரண்டு கட்டுப்பாடு சொன்னேன். மின் சாமான் என்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தொட வேண்டும். பிடி பிளாஸ்டிக்தானே என்று நம்பக்கூடாது, ஓரங்களில் உள்ளிருக்கும் உலோகத் தகடு வெளியே தெரிகிறது, விரல் அதில்தான் படும். அடுத்தது, இது பூட்டிக்கொள்ளாத மூட்டு. வில்தான் பிடித்திருக்கிறது. பக்கவாட்டில் பலமாக அழுத்தினால் மடங்கும். இப்போது கூர் இல்லாததால் மடங்கினாலும் வெட்டாது, ஆனால் முனை வழுக்கி எதிரிலிருக்கும் கையில் ஏறலாம்.

பிளக் ஸ்க்ரூ, விஜிஏ ஸ்க்ரூ, சைக்கிள் மணி எல்லாம் சுலபமாக முடிந்தன. பிராக்டிகல் லேப் மேசையில் துருவேறிய பெரிய ஸ்க்ரூ ஒன்று அசையவில்லை. அசைய வேண்டிய அவசியமும் இல்லை. அதற்கு முழு அளவுத் திருப்புளி வேண்டும், 58 மி.மீ. கருவியில் அவ்வளவு முறுக்கு கொடுக்கக் கைக்கு இடமே கிடையாது. முனை இதுவரை பல் உதிரவில்லை.

புத்தகக் கட்டின் பட்டைதான் யோசிக்க வைத்தது. இறுகிக் கட்டிய பட்டைக்குள் அந்தக் குட்டிக் கத்தரியின் வாய் நுழையாது. அக்காவே வழி கண்டுபிடித்தார். தட்டை முனையைப் பட்டைக்கு அடியில் செருகி, லேசாகத் திருப்பி நிறுத்தி இடைவெளி உண்டாக்குகிறார். பிறகு பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் புத்தகத்தை அமுக்கிப் பிடிக்கச் சொன்னால் பட்டை இன்னும் தளரும். அதற்குப்பின் முனையை மடக்கி, கத்தரியை விரித்து, ஒரே நறுக்கில் முடிக்காமல் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று நறுக்காக வெட்டுகிறார். கத்தரியின் வில் மெல்லிய சின்னத் தகடு. ஒரேயடியாக அமுக்கி வெட்டுவதைவிட இப்படி வெட்டுவது அதற்கும் நல்லது.

முள் எடுக்கும் வேலை ஊக்கும் சிமிட்டாவும் சேர்ந்து செய்கிறது. இரண்டையும் சானிடைசர் போட்டுத் துடைத்த பிறகுதான் பிள்ளையின் காலைத் தொடுவார். சிமிட்டாவின் வாய் சரியாகச் சேராமல் முள்ளை விட்டுவிட்டது. வாயின் உட்புறத்தை நுண்ணிய கல்லில் ஓரிரு முறை இழுத்துச் சமன் செய்ததும் மெல்லிய முள்கூடப் பிடிபடுகிறது. புதிதாக வாங்கும் யாரும் இதைச் செய்து பார்க்கலாம்.

தலைமை ஆசிரியர் ஒருநாள் கொத்தைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாராம். "டீச்சர், இதுல கத்தி எங்க?" என்று கேட்டிருக்கிறார். அக்கா அந்தத் தட்டை முனையைக் காட்டியிருக்கிறார். அவர் அதைக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, அலுவலகத்துக்கும் இப்படி ஒன்று கிடைக்குமா என்று விசாரித்தார்.

அலுவலகத்து ஆளிடம் பேசிப் பார்த்தேன். அவருக்குத் தபால் பிரிப்பதும், ஸ்டேப்ளர் பின் கிளப்புவதும், கணினியின் ஸ்டார் ஸ்க்ரூவும்தான் வேலை. பெரிய தட்டை ஸ்க்ரூ எதையும் அவர் தொடுவதில்லை. அவருக்குச் சாணைச் சக்கரம் தேவைப்படவில்லை. ஜெட்செட்டர் கிடைத்தால் அதையே அப்படியே வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ஸ்டேப்ளர் பின்னுக்கு மட்டும், அதிலுள்ள பல்குச்சியை எடுத்துவிட்டு, நுனி தட்டையாக்கிய கம்பி ஒன்றைச் செருகித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.